கோயிலுக்குப் போட்ட குளிசை

அலுமாரியின் ஒரே தட்டில் இருந்த இரண்டு வகைக் குளிசைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நாற்பத்தைந்து வயது வரைக்கும் நம்பியிருந்தேன். ஒன்று, கிளினிக்கில் தருகிற குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை. மற்றது, கோயில் நாட்களில் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்குவது. இரண்டும் கர்ப்பப்பையைப் பூட்டி வைக்கின்றன, ஒன்று போடும்போது மற்றது தேவையில்லை என்பது என் எண்ணம். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கேட்டும் தெரிந்துகொள்ளவில்லை. அப்படியே எப்படியோ மனதில் குடியேறியிருந்தது.

நான் வந்தாறுமூலையில், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். புத்தகங்களை வகைபிரித்து எண் ஒட்டி அடுக்குவது என் வேலை. வீட்டிலும் அப்படித்தான். மிளகாய்த்தூள் போத்தல் இருக்கிற இடத்தில் மஞ்சள்தூள் போத்தல் இருந்தால் எனக்குச் சமையல் ஓடாது. அப்படிப்பட்ட நான் என் உடம்புக்குள் போகிற இரண்டு மருந்துகளை ஒரே வகையில் சேர்த்து வைத்திருந்தேன்.

எங்கள் வீடு ஆரையம்பதியில். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் ஆனதும் பெரிய வீட்டை அவளிடம் விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இந்த வருடம் அது எங்கள் முறை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. ஆனியில் பதிவு எழுத்து, ஆவணியில் தாலி கட்டு என்று பேசி முடித்திருந்தோம். வளவின் பின்பக்கம் எனக்கும் கணவருக்குமாக இரண்டு அறை வீடு சுவர் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை வீடு.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு முடியும் வரைக்கும் ஊர் முழுக்க விரதம். ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழி வம்சத்துக்கும், ஒரு நாள் சடங்கு உண்டு. எங்கள் குடியின் நாளில் நெல்லுக் குத்துகிற பெண்களில் ஒருத்தியாக என்னையும் சொல்லியிருந்தார்கள். மாதவிடாய்த் துடக்கு வந்தால் வளவை விட்டே வெளியே போக முடியாது. என் நாள் சரியாக அந்தக் கிழமையில் விழும் போலிருந்தது.

வேலியடியில் நின்று தங்கையிடம் சொன்னேன்.

"அதுக்கென்னக்கா யோசினை? குளிசையப் போடுங்க. போன வருசம் வாங்கினதுல மிச்சம் எங்கிட்டக் கிடக்கு" என்றாள்.

"நான் கிளினிக் குளிசையும் போட்டுக்கிட்டு இருக்கனேடி."

"ஐயோ, ரெண்டையும் சேத்துப் போடாதீங்க. சூடு. தலை சுத்தி நெல்லுக்கு மேலயே விழுவீங்க. அதை நிப்பாட்டிட்டு இதைப் போடுங்க."

"நிப்பாட்டினா மறுகா..."

"மறுகா என்ன? இதுவும் பூட்டுத்தானே. ஒரு கதவுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?"

அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அன்றிரவே கிளினிக் குளிசை மட்டையை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைத் தொடங்கினேன். கிளினிக் நடத்துகிற எங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் நம்முடைய குடி. அதே சடங்கில் எனக்குப் பக்கத்தில் உலக்கை பிடிக்கிறவர். அவரிடம் போய் இதைக் கேட்க வாய் வரவில்லை.

சடங்கு குறையில்லாமல் நடந்தது. நெல்லுக் குத்தினோம், பொங்கினோம், குளிர்த்தி பாடிக் கதவும் அடைத்தாயிற்று. அத்தோடு குளிசையை நிறுத்தியிருந்தால் கதை வேறு. மகளின் கலியாண எழுத்து அடுத்ததாக வந்தது. பதிவுகாரர் வருகிற நாளில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் அறையில் கிடக்க விருப்பமில்லை. இன்னும் ஒரு மட்டை வாங்கித் தொடர்ந்தேன். விரதம் முடிந்திருந்தது. கணவரும் கரடியனாற்று வட்டையில் இருந்து வயல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பூட்டுப் போட்டிருக்கிறது என்ற தைரியத்தில் நாங்கள் எப்போதும் போல இருந்தோம்.

எழுத்து முடிந்ததும் குளிசையை நிறுத்தினேன். இரண்டு மூன்று நாளில் வரும் என்றாள் தங்கை. வரவில்லை. ஒரு கிழமை போயிற்று. உள்ளாடையில் ஒரு நாள் மண்ணிறமாக ஒரு துளி, அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. காலையில் தேங்காய் எண்ணெய் வாசம் குமட்டியது. அது பயத்தில் குமட்டியதா, வேறு காரணமா என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரே யோசனைதான். ஆவணியில் மகள் மணவறையில் இருக்கும்போது நான் எத்தனை மாதத்தில் இருப்பேன்?

ஊர்ச் சிரிப்பை நான் பெரிதாக எண்ணவில்லை என்று சொன்னால் அது பொய். மகளுக்கு விட்டுக்கொடுக்கிற வீட்டில் தாய்க்குப் பிள்ளைப்பேறு என்றால் எத்தனை வருடத்துக்குப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இளையவன் பிறக்கும்போது எனக்குப் பிரஷர் ஏறி, கண் இருண்டு, ஆஸ்பத்திரியில் பல நாட்கள் கிடந்தேன். இனி வேண்டாம் என்று அப்போதே வைத்தியர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இத்தனை வருடமாக ஒரு நாளும் தவறாமல் அந்தக் குளிசையைப் போட்டு வந்தேன். தங்கிவிட்டால், உயிருக்கே ஆபத்து என்றால் ஒழிய, கருவைச் சட்டப்படி கலைக்க எங்கள் நாட்டில் வழியும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் கரைசேர்க்கிற வயதில், அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்பதுதான் என் பயம்.

கர்ப்பம் பரிசோதிக்கிற பட்டை வாங்குவதற்குக் காத்தான்குடியில் இறங்கினேன். ஆரையம்பதியிலும் மருந்துக்கடை உண்டு. ஆனால் அங்கே வாங்கினால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பெருவீதியில் இரண்டு கடைகளைத் தாண்டி, பெண் ஒருவர் நிற்கிற கடையாகப் பார்த்து ஏறினேன். கறுப்பு அபாயா, கண்ணாடி, என்னை விட வயது குறைவு.

மெதுவாகச் சொன்னேன். அவரும் மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கக்கா, மகளுக்கா?"

"இல்ல. எனக்கு."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "அதுக்கென்ன. என்ட உம்மா நாப்பத்தேழு வயசிலதான் என்னப் பெத்த. நான் என்ன கொறஞ்சா போயிட்டன்?" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். நாற்பத்தேழு என்ற எண் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"தங்கச்சி, நாள் தள்ளுற குளிசை போட்டிருந்தா பிள்ளை தங்குமா?" என்று கேட்டேன்.

"தங்காது எண்டுதான் எல்லாரும் சொல்ற. நோன்பு மாசத்தில எங்கட பொம்புளையளும் அதத்தான் வாங்குற. ஆனா எனக்குச் சரியாத் தெரியா அக்கா. பொய் சொல்லக்குடா. ஒரு டொக்டர்ட்டக் கேளுங்க." பட்டையைத் தாளில் சுற்றி, அதை ஒரு பற்பசைப் பெட்டிக்குள் வைத்து, பையில் போட்டுத் தந்தார். "ஆரும் கண்டாப் பல்லுக்கு எண்டு சொல்லுங்க."

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. காலையில் மகளும் மகனும் வெளியே போன பிறகு பரிசோதித்தேன். சொன்ன நேரத்துக்குள் ஒரு கோடுதான் தெரிந்தது. ஒரு கோடு என்றால் இல்லை. அதோடு பட்டையை எறிந்திருக்க வேண்டும். ஆனால் எதையும் ஒரு தரம் பார்த்து விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. நூலகத்தில் ஒட்டிய எண்ணையே மூன்று தரம் சரிபார்ப்பேன். பட்டையைக் குளியலறை யன்னல் கட்டையில் வைத்தேன். சோற்றை இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தேன். முற்றம் கூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். உடுப்பு உலர விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தபோது, முதல் கோட்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு, நூல் போல.

கட்டிக்கொண்டிருந்த சின்ன வீட்டில் கணவர் கதவு நிலைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். மேசன் சாப்பிடப் போயிருந்தான்.

"இஞ்ச, ஒரு விசயம்" என்றேன். பட்டையைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது கோடா, நிழலா?"

"கோடு."

"அப்ப கலியாணப் பந்தலுக்கும் தொட்டிலுக்கும் சேத்தே கயிறு வாங்கலாம் எண்டுறாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு, சிமெந்துக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

"பகிடிக்குச் சொன்னன். ஊருக்கு நான் பயமில்ல. சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போகட்டும். உன்ட பிரஷர்தான் எனக்குப் பயம்." பட்டையை என் கையில் திருப்பித் தந்தார். "தங்கச்சி டொக்டர் இல்ல, மருந்துக்கடைக்காரி டொக்டர் இல்ல, நீயும் இல்ல. நாளைக்கு லீவைப் போடு. டவுனுக்குப் போவம்."

மட்டக்களப்பு நகரத்தில் பெண் வைத்தியர் ஒருவர் இருப்பதாக வேலைத்தலத்தில் யாரோ சொன்ன நினைவு. அவரிடம் போனோம். கணவர் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். வைத்தியருக்கு என் மகளை விடப் பத்து வயது கூட இருக்கும். முதலில் பிரஷர் பார்த்தார். பிறகு கேட்டார். நான் வரிசை தவறாமல் சொன்னேன். எந்தக் குளிசையை எப்போது நிறுத்தினேன், எதை எப்போது தொடங்கினேன், கடைசியாக எப்போது கணவரோடு சேர்ந்து இருந்தேன். நான் கூசிக் கூசிச் சொன்னதை அவர் காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டார்.

"அப்ப மூணு கிழமைக்கு மேலாயிட்டு. நல்லம். இண்டைக்குப் பாத்தா நம்பலாம். வீட்டில பாத்த பட்டை எங்க?"

பற்பசைப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இதை எப்ப பாத்தீங்க?"

"நேத்துக் காலையில... யன்னல் கட்டையில வச்சு மறுகா பதினொரு மணி மட்டும் இடைக்கிடை பாத்தன்."

அவர் சிரித்தார். "அம்மா, சொன்ன நேரத்துக்குப் பாத்துட்டு வீசணும். காஞ்சா அதில நிழல் மாதிரிக் கோடு விழும். மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தா யன்னல் கட்டையும் கர்ப்பம் எண்டு காட்டும்."

புதிதாக ஒன்றில் பரிசோதித்தார்கள். இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு. நேரம் ஆனதும் நான் கண்ணை எடுக்கும் முன்னே அவர் அதைக் குப்பைக் கூடையில் போட்டார். "இல்லை" என்றார். "இல்லவே இல்லை."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தந்தார்.

அதன் பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். நாள் தள்ளுகிற குளிசை கர்ப்பப்பையின் உட்சுவர் உதிராமல் பிடித்து வைக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். கர்ப்பத்தைத் தடுக்கும் என்று அதை நம்பி இருக்கக்கூடாது. கிளினிக் குளிசை முட்டை வெளியே வருவதையே நிறுத்துகிறது. அது வேறு வேலை. இன்னொன்றையும் சொன்னார். எனக்கு இரண்டாவது குளிசை தேவைப்பட்டே இருக்கவில்லை. கிளினிக் மட்டையில் வெள்ளைக் குளிசைகள் முடிந்ததும் மண்ணிற இரும்புச்சத்துக் குளிசைகளை விட்டுவிட்டு, அடுத்த மட்டையின் வெள்ளையை நேரடியாகத் தொடங்கியிருந்தால் மாதவிடாயும் தள்ளிப் போயிருக்கும், பாதுகாப்பும் இருந்திருக்கும். இத்தனை வருடமாகக் கையிலேயே இருந்த பூட்டை விட்டுவிட்டு, வேலி ஓரத்தில் கிடைத்த ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

"அப்ப ஏன் எனக்கு வரல்ல?"

"வயசு. நாப்பத்தைஞ்சில அது இப்பிடித்தான் ஒழுங்கில்லாமப் போகும். அதோட நீங்க ரெண்டு மருந்தையும் மாத்திப் போட்டு உடம்பைக் குழப்பிட்டீங்க. வரும். வராட்டி ஒரு மாசத்தால வாங்க. ஆனா வரல்ல எண்டு நினைச்சு பாதுகாப்பை விட்டுறாதீங்க. அம்பதுக்கு முன்னம் முழுசா நிண்டா ரெண்டு வருசம், அம்பதுக்குப் பிறகு நிண்டா ஒரு வருசம் கவனமா இருக்கணும்."

என் பிரஷர் கொஞ்சம் கூடியிருந்தது. அதனால் பழைய குளிசை இனி வேண்டாம், கர்ப்பப்பைக்குள் வைக்கிற லூப் போட்டுக்கொள்ளலாம் என்றார். மாதவிடாய் வந்த நாட்களில் வந்தால் போட்டுவிடலாம், அது வரைக்கும் ஆணுறை. லூப்புக்குப் பிறகும் ஆணுறைக்கு ஒரு வேலை உண்டு, உறவால் பரவும் தொற்று நோய்களைத் தடுப்பது அது ஒன்றுதான் என்றும் சொன்னார். கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எப்போது செய்தது என்று கேட்டார். முப்பத்தைந்தில் ஒருதரம் என்றேன். அன்றைக்கே அதையும் எடுத்தார். நான் நினைத்த அளவுக்கு நோகவில்லை.

"வேற ஏதும் கேக்கணுமா?" என்றார்.

வருடக்கணக்காக நான் யாரிடமும் கேட்காத ஒன்று இருந்தது. கேட்டேன். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்த பிறகும் புருஷனோடு இப்படி இருக்க ஆசை வருவது சரிதானா?

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மகளுக்குத்தானே கலியாணம் பேசினீங்க. உங்கட கலியாணத்தை முடிக்கல்லயே."

வெளியே வந்தபோது கணவர் எழும்பி நின்றார். என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்கள் பையோடே வாவிக் கரை வரைக்கும் நடந்தார். பாலத்தடியில் ஒரு கரும்புச்சாறு வாங்கி இருவரும் குடித்தோம். தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். யன்னல் கட்டைக் கதையைக் கேட்டு அவருக்குப் புரைக்கேறியது.

பின்னேரம் வேலியடிக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டேன். அவளைக் குறை சொல்லப் போகவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

"அப்ப அது பூட்டில்லையா?"

"இல்ல."

"நான் போன வருசமும் அப்பிடித்தான், மாமாங்கத் திருவிழாவுக்கும் அப்பிடித்தான், கதிர்காமம் போகக்குள்ளயும்..." விரல் மடித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். "ஐயோ அக்கா, எனக்கு ஏன் ஒண்டும் வரல்ல?"

"கண்ணகை அம்மன் பாவம் பாத்திருக்கா."

"எத்தினை தரம்கா அவவும் பாவம் பாப்பா!" என்று தலையில் கை வைத்தாள். சிரித்தாள். பிறகு உண்மையாகவே பயந்துபோய், இந்தக் கிழமை கிளினிக் என்றைக்கு என்று கேட்டாள். நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன். மருத்துவமாதுவிடம் நானே பேசுவேன் என்றும் சொன்னேன். ஒரே குடியாக இருந்தால் என்ன. நெல்லுக் குத்தப் போகிற மற்றப் பெண்களிடமும் இதைச் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

வைத்தியர் இல்லை என்று சொன்ன பிறகும் என் உடம்பு அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. குமட்டல் நின்றது. தூக்கம் வந்தது. ஆனால் காலையில் எழும்பியதும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, நூலகத்தில் புதிதாக வந்த பெட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கும்போது அடிவயிற்றில் அந்தப் பழைய இழுவை. கழிவறைக்குப் போனேன். வந்திருந்தது. சும்மா துளி இல்லை, ஒழுங்காக வந்திருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றேன். பதின்மூன்று வயதில் இருந்து இதைத் தொல்லை என்றும் துடக்கு என்றும் ஒளித்து வந்திருக்கிறேன். இதைக் கண்டு ஒரு நாள் இப்படி மனம் லேசாகும் என்று நினைத்ததில்லை.

வெளி வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் கரடியனாற்று வட்டையில் நின்றார். பின்னால் உழவு மெசின் சத்தம்.

"வந்திட்டு" என்றேன்.

"ஆரு?"

"ஆரும் இல்ல. வந்திட்டு."

உழவு மெசின் நின்றது. பிறகு யாரையோ பார்த்து அவர் கத்தினார்: "டேய், எல்லாருக்கும் தேத்தண்ணி போடுங்கடா!"

"என்னண்ணன், நல்ல செய்தியா?" என்று ஒரு குரல்.

"ஓம். ஒண்டும் இல்லை எண்டுற செய்தி."

அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்களோ, சேர்ந்து சிரித்தார்கள். அவர் திரும்பவும் போனுக்கு வந்தார்.

"இப்பயே போனா லூப் போடலாம் எண்டு சொன்னா தானே அந்த டொக்டர்?"

"ஓம். நாளைக்குப் போறன்."

"தனியப் போகாத. நான் வாறன். பையைத் தூக்க ஆள் வேணும்."